உங்களுக்குத் தெரியுமா? வீட்டு நீச்சல் குளத்துக்கு எத்தனை சட்டம்!

● ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எந்தத் தொட்டியும், குளிக்கவோ விளையாடவோ பயன்பட்டால், சட்டப்படி நீச்சல் குளம்தான். பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்திவைத்தால் வரும் ஆழம் அது. குழந்தையின் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கி, ஊதி, தோட்டக் குழாயால் நிரப்பும் பிளாஸ்டிக் குளமும் இந்த அளவைத் தாண்டிவிட்டால் சுற்றிலும் வேலி கட்டியாக வேண்டும். குளத்தின் விலையைப் போலப் பல மடங்கு வேலிக்கு ஆகும். விவரம் தெரிந்த பெற்றோர் கணுக்கால் அளவுக் குளமாகப் பார்த்து வாங்கி, சாயங்காலம் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

● அந்த வேலிக்கும் அங்குலம் அங்குலமாகக் கணக்கு உண்டு. உயரம் குறைந்தது 1.2 மீட்டர். தரைக்கும் வேலியின் அடிக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலும் அதே 10 தான். அதற்குமேல் விட்டால் சின்ன உடம்பு நுழைந்துவிடும். கேட் குளத்தின் பக்கம் திறக்கக்கூடாது, வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். குழந்தை அதன்மேல் சாய்ந்து தள்ளினால் கேட் இன்னும் இறுகச் சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கேட்டை எந்த நிலையில் விட்டாலும், விரலளவு திறந்து விட்டாலும்கூட, யாரும் தொடாமல் தானே சாத்தித் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். சோதிக்க வருபவர் முதலில் செய்வதே கேட்டைப் பல அளவுகளில் திறந்துவிட்டுச் சும்மா நின்று பார்ப்பதுதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அன்றைக்குச் சான்றிதழ் கிடைக்காது.

இத்தனையும் செய்த பிறகு பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வேலியை ஒட்டி 90 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏறுவதற்கு வாகாக எதுவும் இருக்கக்கூடாது. பூந்தொட்டி, பார்பிக்யூ அடுப்பு, நாற்காலி, தாழ்ந்த மரக்கிளை எல்லாமே குற்றம்தான். முறைப்படி கட்டிய வேலி, பக்கத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்த நிமிடமே செல்லாததாகிவிடுகிறது.

● அமெரிக்க விதிகளில் இதே கவலை வேறு அளவில் வருகிறது. சங்கிலிப் பின்னல் வேலி போட்டால் அதன் கண்கள் 1¾ அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது. கண் பெரிதானால் குழந்தையின் கால்விரல்கள் உள்ளே போகும். விரல் போனால் பாதம் ஊன்றும், பாதம் ஊன்றினால் ஏறிவிடும். விதியை எழுதியவர் ஒரு மூன்று வயதுக்காரரிடம் நன்றாக அவஸ்தைப்பட்டிருக்க வேண்டும்.

● நியூ சவுத் வேல்ஸில் வீட்டுக் குளத்தின் பக்கத்தில் ஒரு பலகை மாட்டுவதும் கட்டாயம். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். மூச்சு நின்றவரை எப்படி மீட்பது என்ற முதலுதவிப் படிகள் அதில் இருக்கும். கூடவே மூன்று கட்டளைகள்: குழந்தைகளைக் கண்காணியுங்கள்; கேட்டை எப்போதும் மூடியே வையுங்கள்; வேலியிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் எந்தப் பொருளும் வைக்காதீர்கள். வெயிலில் எழுத்து வெளிறிப்போன பலகைக்கும் அபராதம் விழலாம்.

● அந்த மாநிலத்தில் 2013 முதல் ஒவ்வொரு வீட்டுக் குளமும் அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும். பதியாமல் விட்டால் 220 டாலர். 2016 ஏப்ரல் 29 முதல், குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விட வேண்டுமானால் குளத்தின் சான்றிதழையும் ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். விற்பதாக இருந்தால், ‘தகுதியில்லை’ என்ற சான்றிதழோடும் விற்கலாம். ஆனால் வாங்குபவர் 90 நாளுக்குள் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் குளத்தைப் பார்த்து மயங்கும் முன் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. குளம் விற்பவருடையது, வேலிச் செலவு உங்களுடையது என்று ஆகிவிடக்கூடும்.

● அதே ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றின் இரு கரையிலும் இரட்டை ஊர்கள் இருக்கின்றன. வடகரையில் ஆல்பரி, தென்கரையில் வொடாங்கா. ஆல்பரி நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. அங்கே வெந்நீர்த் தொட்டிக்குப் பூட்டுப்போட்ட, குழந்தை திறக்க முடியாத மூடி இருந்தால் வேலி வேண்டாம். பாலத்தைத் தாண்டி வொடாங்காவுக்குப் போனால் அது விக்டோரியா மாநிலம். அங்கே எவ்வளவு உறுதியான மூடி போட்டாலும் கணக்கில் வராது. வேலி கட்டியே ஆக வேண்டும். அதே தொட்டி, அதே மூடி, பத்து நிமிட கார் பயணம். சான்றிதழ் காலமும் ஒன்றில்லை: ஆல்பரியில் மூன்று வருடம், வொடாங்காவில் நான்கு.

யார் செய்வது சரி? என் ஓட்டு விக்டோரியாவுக்கு. மூடியை ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதர் ஞாபகமாக மூட வேண்டும். கேட்டுக்கு ஞாபகம் தேவையில்லை.

● நியூசிலாந்து நடுவழியில் நிற்கிறது. குளங்களுக்கு வேலி வேண்டும் என்று 1987-லேயே தனிச்சட்டம் போட்ட நாடு அது. 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் புதிய விதிப்படி, 40 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள குளத்துக்குத் தடுப்பு அவசியம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை. ஆனால் நீர்ப்பரப்பு 5 சதுர மீட்டருக்கு மிகாத சிறிய வெந்நீர்த் தொட்டியின் சுவர் எல்லாப் பக்கமும் தரையிலிருந்து 76 சென்டிமீட்டர் உயர்ந்திருந்து, பாதுகாப்பு மூடியும் இருந்தால் வேலி தேவையில்லை. சிரமம் என்னவென்றால், தொட்டிக்குள் இறங்க வசதியாக ஒரு படிக்கட்டை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் அந்த 76 சென்டிமீட்டர் காணாமல் போய்விடும்.

● கனடாவின் டொரண்டோ நகரத்தில் எல்லை 60 சென்டிமீட்டர். அதற்குமேல் தண்ணீர் பிடிக்கும் குளமானால் வேலிக்கு நகராட்சியின் அனுமதி வாங்க வேண்டும். ஸ்கார்பரோவின் தமிழ்க் குடும்பங்களில் கோடைக்குக் கோடை கொல்லைப்புறத்தில் எழும் தற்காலிகக் குளங்கள் பலவும் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டுபவை. அக்டோபரில் மடித்து வைத்துவிடுவோம் என்பது சாக்கு ஆகாது.

● இத்தனை நாடுகளும் ஏன் வேலியையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன? மூழ்குபவர் கத்துவார், கையை வீசுவார், நாம் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று சினிமா நம்மை நம்பவைத்திருக்கிறது. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா இதைப் படம்பிடித்தே ஆராய்ந்தார். உண்மையில் மூழ்குபவருக்கு மூச்சுவிடவே நேரம் போதவில்லை; கத்துவதற்குக் காற்று மிச்சமில்லை. கைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் அமுக்குகின்றன, யாரையும் அழைப்பதில்லை. 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பதில் பயனே இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

வேலியிலும் இரண்டு வகை உண்டு. மனையைச் சுற்றி மூன்று பக்கம் வேலி போட்டு, நான்காம் பக்கமாக வீட்டையே விட்டுவிடுவது ஒன்று. குளத்தை மட்டும் நான்கு பக்கமும் தனியாக அடைப்பது இன்னொன்று. முதல் வகையில், பின்கதவைத் திறந்தால் குழந்தை நேராகக் குளத்துக்குப் போய்விடும். தாம்ஸன், ரிவாரா என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மூன்று பக்க வேலியோடு ஒப்பிட்டால் நான்கு பக்க வேலி மூழ்கும் அபாயத்தை 83 விழுக்காடு குறைப்பதாகத் தெரிந்தது. நியூ சவுத் வேல்ஸில் 2010 ஜூலை முதல் கட்டப்பட்ட குளங்களுக்கு வீட்டுக் கதவு வழியாக நேரடி வழி கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலி தாண்டி வருவதைவிட நம் வீட்டுப் பிள்ளை நம் கதவு வழியாகப் போவதுதான் அதிகம் நடப்பது.

● கலிஃபோர்னியாவில் 2018 முதல் வீட்டுக் குளம் கட்டினாலோ புதுப்பித்தாலோ, ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஏதாவது இரண்டு வேண்டும். 5 அடி உயர அடைப்பு, கழற்றி மாட்டும் வலைவேலி, பாதுகாப்பு மூடி, கதவில் ஒலிக்கும் மணி, தானே சாத்தும் கதவு, தண்ணீர் அசைந்தால் அலறும் கருவி என்று பட்டியல் போகிறது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று காக்கும் என்பதுதான் கணக்கு. பக்கத்து மாநிலமான அரிசோனாவின் சட்டம், அந்த வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசித்தால்தான் வேலி கேட்கிறது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் தாத்தா பாட்டி வீடு இதில் எங்கே வருகிறது என்று சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

● ‘பாதுகாப்பு மூடி’ என்று அமெரிக்காவில் எல்லா மூடியையும் சொல்லிவிட முடியாது. அதற்கென உள்ள தரநிலைப்படி, 8 அடிக்கு மேல் அகலமுள்ள குளத்தின் மூடி 485 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தாங்க வேண்டும். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்பது கணக்கு: குழந்தை மூடிமேல் தவழ்ந்து போய்விட்டால் தூக்கிவர இருவர் அதன்மேல் ஓட வேண்டியிருக்குமே! வெந்நீர்த் தொட்டி மாதிரி சிறியதற்கு 275 பவுண்டு போதும். அங்கே கையை நீட்ட ஒருவரே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். மழைநீர் மூடிமேல் தேங்கவும் கூடாது. மூடிமேல் நான்கு விரற்கடைத் தண்ணீர் நின்றாலும் ஒரு சிசுவுக்கு அது குளம்தான்.

வெயிலுக்குச் சூடு தங்க மிதக்கவிடும் நீலக் குமிழ் விரிப்பு இருக்கிறதே, அது மூடியே அல்ல. கால் வைத்தால் சுற்றிக்கொள்ளும்.

● வேலியும் மூடியும் மேலே. ஆபத்து அடியிலிருந்தும் வரும். 2002 ஜூனில், அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, 7 வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியின் அடியில் உள்ள உறிஞ்சு துளையில் சிக்கி இறந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியும். தாயால் இழுத்தெடுக்க முடியவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்ததில் துளையின் மூடி உடைந்துதான் உடல் விடுபட்டது.

பம்ப் தண்ணீரை உறிஞ்சும்போது துளையை முதுகோ வயிறோ அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துளையில் பாதி வளிமண்டல அழுத்தம் குறைந்தாலே பிடித்திழுக்கும் விசை 150 கிலோவைத் தாண்டிவிடும். நீளமான தலைமுடி சிக்கினாலும் இதே கதி. சிறுமியின் தாயார் விடாமல் போராடியதன் பலனாக, வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் என்று அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன்பின் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு துளைமூடியும் உடல் சிக்காதபடி தரச்சோதனை தாண்டியதாக இருக்க வேண்டும். ஒரே பம்புக்கு ஒரு துளைக்குப் பதில் இரண்டு துளை, குறைந்தது 3 அடி இடைவெளியில் என்பதும் வழக்கமாயிற்று. ஒன்றை உடல் அடைத்தாலும் பம்ப் மற்றதில் தண்ணீர் குடித்துக்கொள்ளும். பழைய தொட்டி உள்ள வீட்டுக்கோ விடுதிக்கோ போனால் முதலில் குனிந்து இந்த மூடியைப் பாருங்கள். தட்டையாக, விரிசல் விட்டு, திருகு கழன்று இருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

● குமிழியிடும் வெந்நீர்த் தொட்டிக்கு வழங்கும் ஜக்குஸி என்ற பெயர், இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடியேறிய சகோதரர்களின் குடும்பப்பெயர். அவர்கள் பம்ப் வியாபாரிகள். மூட்டுவாதத்தால் துடித்த தன் மகன் கென்னத்துக்கு வீட்டிலேயே நீர்ச்சிகிச்சை தரத்தான் காண்டிடோ ஜக்குஸி குளியல் தொட்டியில் இறக்கும் பம்பைச் செய்தார். பம்பும் தொட்டியும் ஒன்றாகவே விற்பனைக்கு வந்தது 1968-இல், அடுத்த தலைமுறைக்காரர் ராய் ஜக்குஸி கையால். மருந்தாகப் பிறந்தது ஆடம்பரமாக வளர்ந்தது அதன்பிறகுதான்.

● வெந்நீர்த் தொட்டியின் சூட்டுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் உச்சம் 104 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 செல்சியஸ். அதற்குமேல் போகாதபடி கருவியிலேயே கட்டுப்பாடு வைத்து விற்கிறார்கள். நம் வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு விளாவும் வெந்நீர் இதைவிடச் சூடாக இருக்குமே என்பீர்கள். அதைச் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறோம். கழுத்துவரை அதற்குள் உட்கார்ந்திருப்பதில்லை. வெந்நீருக்குள் இருக்கும் உடம்பால் வியர்த்துச் சூட்டை வெளியேற்ற முடியாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மது அருந்திவிட்டு இறங்கினால் தூக்கம் வரும், ரத்த அழுத்தம் சரியும்; அப்படியே சரிந்தவர்களும் உண்டு.

● குளத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் போதும், வெந்நீர்த் தொட்டிக்குக் குறைந்தது 3 வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம். சூட்டில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும். தண்ணீரோ கொஞ்சம், ஆட்கள் அதிகம், வியர்வையும் அதிகம். ‘குளோரின் வாடை தூக்குகிறது, நல்ல சுத்தம்’ என்பார்கள் சிலர். அந்த வாடை குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை. வாடை தூக்கினால் குளோரின் போதவில்லை என்று பொருள்.

● 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. பூக்களைப் பார்க்க வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சில நாளில் கடும் நிமோனியாவில் படுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம், விற்பனைக்காகக் காட்சியில் குமிழியிட ஓடவிட்டிருந்த ஒரு வெந்நீர்ச் சுழல்தொட்டி. அதில் யாரும் குளிக்கவில்லை. பக்கத்தில் நடந்துபோனார்கள், அவ்வளவுதான். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில் பெருகும், குமிழி வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகளாகக் காற்றில் ஏறும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும்.

பிரிட்டனில் உங்கள் கொல்லையில் உங்களுக்காக வைத்த தொட்டியைத் தட்டிக்கேட்க அநேகமாக யாரும் வரமாட்டார்கள். அதையே விடுமுறை வீடாக வாடகைக்கு விட்டால் அது தொழில். 2017-இல் அந்நாட்டுச் சுகாதார, பாதுகாப்புத் துறை இதற்கென்று தனிக் கையேடே வெளியிட்டது; நீரைச் சோதிக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், விருந்தினர் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

● நம்மூரில் ஈ.எல்.சி.பி. என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் உயிர்காக்கும் சுவிட்சின் அமெரிக்க உறவினர், கட்டாயமாக முதலில் நுழைந்த இடம் நீச்சல் குளம். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் 1961-இல் உருவாக்கிய இந்தக் கருவியை, 1968-ஆம் ஆண்டு அமெரிக்க மின்விதி, குளத்தின் நீருக்கடி விளக்குகளுக்கு வேண்டும் என்றது. குளியலறையும் சமையலறையும் பிறகுதான். போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 5 மில்லி ஆம்பியர் அளவு வித்தியாசம் வந்தாலே கண்சிமிட்டும் நேரத்துக்குள் துண்டித்துவிடும்.

அதே விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்தது பிளக் பாயின்ட் விதி. குளத்தின் உட்சுவரிலிருந்து 6 அடிக்குள் பிளக் பாயின்ட் இருக்கக்கூடாது, நியாயம்தான். ஆனால் 20 அடிக்குள் ஒன்று கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டும்! இல்லாவிட்டால் ஜனங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒயரை நீட்டி இழுத்துக்கொண்டு வந்து ஈரத்தரையில் போடுவார்கள். மனித சுபாவத்தைப் படித்துவிட்டு எழுதிய விதி. ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி என்று குளத்தில் உள்ள எல்லா உலோகத்தையும் தடித்த தாமிரக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கவும் வேண்டும். எங்கே தொட்டாலும் மின்னழுத்தம் ஒன்றாகவே இருந்தால் உடம்பு வழியாகப் பாய வேலையிருக்காது.

● பிரான்ஸில் தரையில் தோண்டிய தனியார் குளத்துக்கு நான்கில் ஒன்று வேண்டும்: வேலி, அலறும் கருவி, மூடி, அல்லது குளத்தின் மேலே கூடாரம். 2003 ஜனவரியில் வந்த சட்டம். மீறினால் அபராதம் 45,000 யூரோ வரை. தரைமேல் நிற்கும் குளங்களுக்கு இது பொருந்தாது.

● அதே பிரான்ஸில் தோண்டிய குளம் வைத்திருந்தால் வீட்டு வரி ஏறும். சொல்லாமல் விட்டவர்களைப் பிடிக்க 2021-இல் ஒன்பது மாவட்டங்களில் விண்ணிலிருந்து எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தார்கள். 2022-க்குள் 20,000-க்கும் மேற்பட்ட கணக்கில் வராத குளங்கள் வெளிவந்தன; ஏறக்குறைய ஒரு கோடி யூரோ கூடுதல் வரி. ஆரம்பத்தில் அந்த மென்பொருள் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடுகளையும் நீலக் குளம் என்று எண்ணிக்கொண்டது வேறு கதை. கிரேக்கம் இதற்கு முன்பே இந்த வேலையைச் செய்தது. 2010 கடன் நெருக்கடியின்போது, ஏதென்ஸின் பணக்கார வடபுறப் புறநகர்களில் குளம் இருப்பதாக வரிப் படிவத்தில் ஒப்புக்கொண்டவர்கள் 324 பேர். வானிலிருந்து எண்ணியபோது 16,974. செய்தி பரவியதும் சிலர் குளத்தின்மேல் பச்சை வலை விரித்தார்கள்.

● 2023 மே மாதம், வறட்சியில் வாடிய தெற்கு பிரான்ஸின் பிரனே-ஓரியாந்தால் மாவட்டத்தில் குளத்தை நிரப்பத் தடை வந்தது. அதோடு நிற்கவில்லை, தரைமேல் வைக்கும் குளங்களைக் கடையில் விற்கவே தடை. 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளந்தபோது, நகராட்சி நீரைக் குளத்தில் விடுவது குற்றமாயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியமும் குளத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது.

● பாலைவன நகரமான லாஸ் வேகஸ் குளங்களைத் தடை செய்யவில்லை, அளவைக் குறைத்தது. அந்த நகரப் பகுதியை உள்ளடக்கிய கிளார்க் கவுன்டியில், 2022 செப்டம்பர் முதல் தனிவீட்டுப் புதுக் குளம் 600 சதுர அடியைத் தாண்டக்கூடாது. இன்னொரு விதி இன்னும் சுவையானது: குளத்தைக் காலி செய்யும்போது தண்ணீரைத் தெருவில் விடக்கூடாது, சாக்கடைக் குழாயில்தான் விட வேண்டும். சாக்கடைக்குப் போகும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, ஊருக்குத் தண்ணீர் தரும் மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ள நெவாடா மாநிலத்துக்கு உரிமை உண்டு. தெருவில் ஓடியது வெயிலுக்குப் போச்சு. ஏரியிலிருந்து தொலைவாக உள்ள ஊர்களில் கவலை வேறு. மழைநீர் வடிகாலில் குளோரின் நீரை விட்டால் அது நேரே ஓடைக்குப் போய் மீன்களைக் கொல்லும் என்பதால் பல நகராட்சிகள் அதைத் தடுக்கின்றன.

● காலியான குளம் பூமியைவிட்டு மேலே எழும்பும்! நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் மழைக்காலத்தில் குளத்தை வடித்துவிட்டால், வெற்றுத் தொட்டியைக் கீழிருக்கும் நீர் தூக்கிவிடும். சுவர் வெடிக்கும், ஓடுகள் பெயரும். அடியில் ஒரு வால்வு வைப்பது அந்த அழுத்தத்தை உள்ளே விட்டுவிடத்தான்.

● வடிக்காமலும் பராமரிக்காமலும் விட்டால்? கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் 2007-இல் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் ஆயிரக்கணக்கானோர் தத்தளித்தார்கள். கைவிடப்பட்ட வீடுகளின் குளங்கள் பச்சை பிடித்துக் கொசுப்பண்ணை ஆயின. அந்தக் கோடையில் வெஸ்ட் நைல் காய்ச்சல் நோயாளிகள் 276 விழுக்காடு கூடியதற்கும் இந்தக் குளங்களுக்கும் தொடர்பிருப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. கொசு ஒழிப்புத் துறையினர் அவற்றில் விட்டது கம்பூசியா மீன்களை. நம்மூர்க் கிணறுகளில் கொசுப்புழு தின்ன விடும் அதே மீன்தான். ஆஸ்திரேலியாவிலோ அது உள்ளூர் மீன்களையும் தவளைகளையும் அழிக்கும் தீங்கு மீன். அங்கே உங்கள் குளத்தில் விட நினைக்காதீர்கள்.

● வேலி கட்டாத குளத்துக்குள் அத்துமீறி நுழைந்த குழந்தைக்கு ஆபத்து நேர்ந்தால் வீட்டுக்காரர் பொறுப்பா? அழைக்காமல் வந்தது அவர்கள் தவறு என்று சொல்லித் தப்ப அமெரிக்காவின் பல நீதிமன்றங்கள் விடுவதில்லை. இந்தக் கொள்கையின் வேர் 1873-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரயில்வே வழக்கு. எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையில் விளையாடப் போன சிறுவனின் கால் நசுங்கியது. குழந்தையை ஈர்க்கும் ஆபத்தான பொருளைத் திறந்து போட்டவர், குழந்தை வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சுழல்மேடைகள் போய்விட்டன, கொல்லைக் குளங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

● சுவிட்சர்லாந்தின் கான்டன்கள் பலவற்றில் 8 கன மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளிக் குளத்தைச் சூடாக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலையோ வீணாகும் வெப்பத்தையோதான் பயன்படுத்த வேண்டும். ஸ்பெயினின் மாட்ரிட் வட்டாரத்தில் 30 வீடுகளுக்குக் குறைந்த குடியிருப்புகளின் குளங்களுக்குப் பொதுக் குளங்களுக்கான கெடுபிடியிலிருந்து விலக்கு. 

● நியூ சவுத் வேல்ஸில் உங்கள் குளத்தின் பம்ப் ஓசை இரவு 8 மணிக்கு மேலும் காலை 7 மணிக்கு முன்னும் பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கக்கூடாது. ஞாயிறும் விடுமுறை நாளும் என்றால் 8 மணி வரை தூங்கவிட வேண்டும்.

● அமெரிக்காவில் உங்கள் குளக்கரையில் காட்டுவாத்து முட்டையிட்டுவிட்டால் கூட்டைக் கலைக்கக்கூடாது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் தடுக்கிறது. குஞ்சு பொரித்த பிறகு, அவை ஏறிவர ஒரு பலகையைச் சாய்த்து வைப்பதுதான் வழி. குளத்தின் விளிம்பு அவற்றுக்கு எட்டாது. ஃபுளோரிடாவிலோ சில காலைகளில் குளத்தில் மிதப்பது முதலையாக இருக்கும். அதையும் நீங்களே பிடிக்கவோ கொல்லவோ கூடாது. நான்கு அடிக்குமேல் நீளமிருந்து ஆபத்தாகத் தெரிந்தால் மாநிலத்தின் முதலைப் பிரிவுக்குப் போன் செய்தால், உரிமம் பெற்றவரை அனுப்புவார்கள்.